எப்போது ஸ்டார்ட் வர மறுக்கிறது?

அறவே ஸ்டார்ட் வராத காரைத் திருத்துவது ஓரளவு சுலபம். எது இல்லை என்று தேடிப் பிடித்தால் சரி. இழுத்து இழுத்துக் கடைசியில் வந்துவிடுகிற கார்தான் மெக்கானிக்கை யோசிக்க வைக்கும். அதில் எல்லாமே இருக்கும். ஏதோ ஒன்று கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். போதாததற்கு, கராஜ் வாசலுக்கு வந்து சேரும்போது எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் பொனெற்றைத் திறக்க முதல் நான் கேட்பது ஒரு கேள்விதான்: எப்போது வர மறுக்கிறது? காலையிலா, ஓடி நிறுத்திய கையோடா, மழை பெய்த பிறகா, நாலைந்து நாள் சும்மா நின்ற பிறகா?

இப்படிக் கேட்கப் பழக்கியவர் நான் வேலை பழகிய கராஜின் முதலாளி. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் அரிதாகிப்போன காலத்தில், மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 போன்ற பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்த ஆட்களில் அவரும் ஒருவர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெயை எவ்வளவு ஊற்றினாலும் பற்றாது. எரியக்கூடிய அளவுக்கு அது ஆவியாவதற்கே ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். ஆகவே எண்ணெயைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். "எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறேல்லைத் தம்பி, ஆவியைத்தான் குடிக்குது" என்று அவர் சொல்வார். எண்ணெய் என்று அவர் சொன்னது எரிபொருளை. குளிரில் எண்ணெயின் ஒரு பகுதிதான் ஆவியாகும், ஆகவே கூட விடவேண்டும். சூட்டில் எல்லாம் ஆவியாகும், குறைத்து விடவேண்டும். பழைய கார்களில் சோக் என்ற கைப்பிடியை இழுப்பதும் குளிரில் எண்ணெயைக் கூட்டத்தான். இன்றைய கார்களில் அந்த வேலையைக் கணினி செய்கிறது, கணக்கு அதேதான்.

அந்தக் காலத்தில் உதிரிப்பாகமும் இல்லை. ஒன்றை மாற்றிப் பார்ப்போம், இல்லாவிட்டால் அடுத்ததை மாற்றுவோம் என்று வேலை செய்ய வழியே இருக்கவில்லை. எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றி நுனியின் நிறத்தைப் பார்த்தே எண்ணெய் கூடவா குறைவா என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் திறமை இன்று அருகி வருவது எனக்கு உண்மையான கவலை. இரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து சாமான் வந்துவிடும் என்பதால் யோசிக்கும் வேலையைப் பணத்தால் செய்கிறோம். அது வாடிக்கையாளரின் பணம்.

எப்போது என்று தெரிந்த பிறகு காதால் கேட்பது. செல்ப், அதாவது எஞ்சினைச் சுற்றித் தொடக்கிவைக்கும் மோட்டார், சோர்ந்து சுற்றினால் மின்சாரப் பக்கம் போகவேண்டும். நிறைந்த பற்றரி 12.6 வோல்ட் காட்டும். செல்ப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக்கூடாது. பற்றரி நன்றாக இருந்தும் சோர்வாகச் சுற்றினால் பற்றரியின் நெகற்றிவ் முனையை எஞ்சின் உடம்போடு இணைக்கும் ஏர்த் வயரைப் பார்ப்பேன். பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்கு நாளும் பொழுதும் ஓடும் வாகனங்களில் உப்புக்காற்று அந்த இணைப்பைத்தான் முதலில் அரிக்கும். பற்றரியின் நெகற்றிவ் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையில் மீற்றரைப் பிடித்துச் செல்ப் அடிக்கச் சொன்னால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிற இடத்தில் குற்றம் பிடிபடும். துரு சுரண்டி இறுக்கினால் காசில்லாமல் முடியும் வேலை.

செல்ப் நன்றாகச் சுற்றியும் வராத கார்தான் சிக்கலானது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்த பழைய ஜப்பான் கார் அப்படிப்பட்டது.

"காலமை ஒரு தட்டில வருது தம்பி. சுன்னாகம் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்து திறப்பைத் திருப்பினா வராது. அக்சிலேற்றரை அடிமட்டும் மிதிச்சுக்கொண்டு அடிச்சா, கறுப்பா ஒரு புகையைத் தள்ளிப்போட்டு வரும்."

பாதிப் பழுதை அவரே சொல்லிவிட்டார். ஸ்டார்ட் அடிக்கும்போது பெடலை முழுதாக மிதித்தால், பெரும்பாலான கணினிகள் எஞ்சினுக்குள் பெற்றோல் நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை நிறுத்திவிடும். பெற்றோலை நிறுத்தினால் வருகிறது என்றால் கூடிப்போனது பெற்றோல்தான். அவரோ ஏற்கனவே ஓரிடத்தில் பிளக்கும் இன்னோரிடத்தில் பெற்றோல் பம்பும் மாற்றியிருந்தார். புதுப் பிளக் போட்டுச் சில நாள் நன்றாக இருந்ததாம். இருக்கும்தான், கரி படியும்வரை புதுப் பிளக் எதையும் சமாளிக்கும். பம்ப் பலவீனமானால் பெற்றோல் குறையும், கறுப்புப் புகை வராது. அந்தச் செலவு அவருக்கு வந்திருக்கவே கூடாது.

மிஞ்சிய சந்தேகம் இரண்டு. இன்ஜெக்டர் கசியலாம், அல்லது எஞ்சின் நீரின் சூட்டை அளக்கும் வெப்ப சென்சர் கணினிக்குப் பொய் சொல்லலாம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன், பெற்றோல் அழுத்தம் இறங்காமல் நின்றது. சரி, கசிவில்லை. அப்புறம் கணினிக்குத் தெரியும் அளவுகளைக் காட்டும் ஸ்கானரைச் செருகினேன். ரேடியேட்டர் குழாயைத் தொடமுடியாத சூடு. திரையிலோ 40 பாகை. அந்தச் சென்சரின் மின்தடை குளிரில் கூடியும் சூட்டில் குறைந்தும் இருக்கும். 20 பாகையில் 2,000 முதல் 3,000 ஓம் வரை, 80 பாகையில் ஏறத்தாழ 300. கழற்றி அளந்தால் சென்சர் சரியாகவே இருந்தது. ஆனால் கணினிப் பக்க வயரில் அளந்தபோது 1,000 ஓமுக்கு மேல். சென்சரில் வயர் செருகும் சொக்கற்றைப் பிரித்தேன். உள்ளே பச்சைக் களிம்பு. அது கூட்டிய தடையைக் கணினி குளிர் என்று நம்பி, சூடான எஞ்சினுக்குள் பெற்றோலை அள்ளி ஊற்றியிருக்கிறது. காலையில் எஞ்சினுக்கே கூடுதல் பெற்றோல் தேவைப்படுவதால் தொல்லை தெரியவில்லை. 40 பாகை என்பது நடக்கக்கூடிய அளவுதான் என்பதால் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. டாஷ்போர்டு ஊசிக்கு வேறு சென்சர், அதுவும் சரியாகக் காட்டியது.

புதுச் சொக்கற் வைத்துப் பற்றாசு பிடித்து, நன்றாகச் சூடேற ஓடவிட்டு, பொனெற்றை மூடி நிறுத்தினேன். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திறப்பைக் கொடுத்தேன். ஒரே தட்டில் வந்தது.

களிம்பு எப்படி வந்தது என்று பார்க்காமல் அனுப்ப மனமில்லை. சென்சரின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டியிருந்தது. எங்கள் மண்ணின் அடியில் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்தே இருக்கும். அவர் வருடக்கணக்காக ரேடியேட்டருக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் விட்டிருக்கிறார். சென்சரின் அடியில் நீர் கசியாமல் தடுக்கும் வளையமான வாசர் வழியே அது மெல்லக் கசிந்து சொக்கற்றுக்குள் போயிருக்கிறது. வாசரை மாற்றி, உள்ளே படிந்ததைக் கழுவி எடுத்து, கூலன்ற்றும் காய்ச்சி வடித்த நீரும் கலந்து நிரப்பினேன். இனி நீர் குறைந்தால் பற்றரிக்கு விடும் தண்ணீர்ப் போத்தலையே பாவிக்கச் சொல்லி, ஒன்றைக் காரின் டிக்கியில் வைத்து அனுப்பினேன்.