எப்வர்த்: ஒரு சமையலறையில் கூடிய சபை

மெதடிஸ்ட் சபையின் வேரைத் தேடிக்கொண்டு போனால், இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எப்வர்த் என்ற சின்ன ஊரில் கொண்டுபோய் விடும். ஊருக்கு ரயில் கிடையாது. டான்காஸ்டரில் இறங்கிப் பேருந்து பிடித்தேன். வழி நெடுக ஒரே தட்டையான வயல்கள், அவற்றுக்கு நடுவே நேர்கோடாக ஓடும் வாய்க்கால்கள். 1620களில் வெர்மைடன் என்ற டச்சுப் பொறியாளர் வந்து வடிகால் வெட்டும்வரை இதெல்லாம் சதுப்பு நிலம். அதில் மீன் பிடித்தும் மாடு மேய்த்தும் பிழைத்தவர்கள் கலகம் செய்தார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் மேல் ஊருக்கு இருந்த கோபம் லேசில் தணியவில்லை.

அந்த ஊருக்குத்தான் சாமுவேல் வெஸ்லி ஆங்கிலிக்கன் குருவாக வந்தார். படித்தவர், கவிஞர், பிடிவாதக்காரர், எப்போதும் கடனாளி. 1705 தேர்தலில் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காத பக்கம் நின்றார். அந்த வருடமே கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறைக்குப் போனார். அவர் சிறையில் இருந்தபோது வீட்டு மாடுகளை யாரோ வெட்டிக் காயப்படுத்தினார்கள். 1709 பிப்ரவரி 9 இரவு குருமனையே எரிந்து சாம்பலானது. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய அவருடைய மகன், ஐந்து வயது ஜானை மாடி ஜன்னல் வழியாக, ஆள்மேல் ஆள் ஏறி நின்று இறக்கினார்கள். தீ தற்செயலா, வைத்ததா என்ற பேச்சு இன்றுவரை இருக்கிறது.

அதே வருடம் செங்கல்லால் கட்டிய வீடுதான் இப்போது நாம் பார்ப்பது. 1954ல் உலக மெதடிஸ்ட் பேரவை அதை வாங்கிப் பழுதுபார்த்தது. உள்ளே எல்லாரும் முதலில் தேடுவது மாடி அறையை. 1716 டிசம்பரில் ஆரம்பித்து இரண்டு மாதம் கதவையும் சுவரையும் தட்டிய 'ஓல்ட் ஜெஃப்ரி' என்ற ஆவிக்கு அங்கே நல்ல மவுசு. சாமுவேல் ஜார்ஜ் மன்னருக்காக ஜெபிக்கும்போதெல்லாம் தட்டல் சத்தம் கூடுமாம். அரசியல் தெரிந்த ஆவி! எனக்கென்னவோ கீழே இருக்கும் சமையலறையை விட்டு நகர மனம் வரவில்லை.

1711-12 குளிர்காலத்தில் சாமுவேல் சபைக் கூட்டத்துக்காக லண்டனில் இருந்தார். உதவிகுரு இன்மனின் பிரசங்கம் யாருக்கும் ஒட்டவில்லை. சாமுவேலின் மனைவி சூசன்னா ஞாயிறு மாலைகளில் தன் பிள்ளைகளை உட்காரவைத்துக் குடும்ப ஜெபம் நடத்தினார். வேலைக்காரப் பையன் போய்ப் பெற்றோரிடம் சொன்னான். அவர்கள் வந்தார்கள். அப்புறம் அக்கம்பக்கம். முப்பது நாற்பது பேர் என்றிருந்தது இருநூறைத் தாண்டி, நிற்க இடமில்லாமல் திரும்பிப் போகிறவரைக்கும் வந்துவிட்டது.

இதற்குத் தூண்டுகோல் எது என்று சூசன்னாவே 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். மகள் எமிலியா அப்பாவின் படிப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்து வாசித்துக் காட்டினாள். டென்மார்க் மன்னர் அனுப்பிய இரண்டு மிஷனரிகளைப் பற்றிய புத்தகம் அது. அந்த இருவர் வேறு யாருமில்லை, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயரும் புளூட்சோவும்தான்! அவர்களைப்போல என்னால் செய்ய முடியாவிட்டாலும் இன்னும் கொஞ்சம் செய்யலாமே என்று நினைத்ததாக எழுதுகிறார். நம் கடற்கரையில் நடந்த ஒன்று, லிங்கன்ஷயர் சேற்றுக்கு நடுவே ஒரு குருவின் மனைவியை எழுந்து வாசிக்க வைத்திருக்கிறது. மிஷனரி வரலாற்றை எப்போதும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஒருவழிப் பாதையாகத்தான் எனக்குச் சொல்லித்தந்தார்கள்.

இன்மன் சும்மா இருப்பாரா? தன் ஆராதனையைவிடச் சமையலறையில் கூட்டம் அதிகம் என்று லண்டனுக்குப் புகார் எழுதினார். பெண் இப்படிச் செய்வது பார்க்க நன்றாயில்லை என்று சாமுவேலும் தயங்கினார். சூசன்னாவின் பதிலை ஒரு வக்கீல்கூட எழுதியிருக்க முடியாது. நிறுத்த வேண்டுமானால் 'விரும்புகிறேன்' என்று எழுதாதீர்கள், தெளிவாகக் கட்டளையிடுங்கள். நாம் இருவரும் நியாயத்தீர்ப்பில் நிற்கும்போது, இந்த நன்மையைச் செய்யாமல் விட்ட பழி என்மேல் வராதபடி எழுதுங்கள் என்றார். சாமுவேல் கட்டளையிடவில்லை. ஜான் அப்போது எட்டு வயதுப் பையன்.

குருமனையிலிருந்து கொஞ்சம் மேடேறினால் செயிண்ட் ஆண்ட்ரூஸ் கோயில். தெற்குச் சுவரை ஒட்டி சாமுவேலின் கல்லறை. 1742 ஜூன் 6 அன்று ஜான் ஊருக்கு வந்து, ஆராதனையில் உதவட்டுமா என்று கேட்டார். உதவிகுரு ராம்லி மறுத்துவிட்டார். மாலை ஆறு மணிக்கு ஜான் தன் அப்பாவின் கல்லறைமேல் ஏறி நின்று பிரசங்கித்தார். அப்படியொரு கூட்டத்தை எப்வர்த் அதற்குமுன் கண்டிருக்காது என்று நாட்குறிப்பில் எழுதினார். அந்த வாரம் மாலைகளிலும் அதே கல்லறைதான் மேடை. அடுத்த மாதம் சூசன்னா லண்டனில் காலமானார். அடுத்த ஜனவரியில் ஜான் மறுபடி வந்தபோது, அவர் தகுதியற்றவர், அப்பமும் ரசமும் பகிரும் இராப்போஜனம் தரமாட்டேன் என்று ராம்லி சொல்லியனுப்பினார்.

ஊரில் இன்று நிற்கும் வெஸ்லி நினைவு ஆலயம் 1889ல்தான் எழுந்தது. அதற்கு முன்பே சபைக்குள் பிளவும் வந்துவிட்டது. சபை நிர்வாகத்தில் சாதாரண விசுவாசிகளுக்கும் பங்கு வேண்டும் என்று வாதாடிய அலெக்சாண்டர் கில்ஹாம் இதே எப்வர்த்தில் 1762ல் பிறந்தவர். 1796ல் அவரை நீக்கினார்கள். அடுத்த வருடம் 'மெதடிஸ்ட் நியூ கனெக்‌ஷன்' பிறந்தது. பிரிந்த கிளைகள் ஒன்றுசேர 1932 ஆயிற்று. மறுக்கப்பட்டவர்கள் தொடங்கிய சபையும் மறுக்கக் கற்றுக்கொண்டது, அதற்கு அதிக காலமும் எடுக்கவில்லை.

1814 ஜூன் 29 அன்று மெதடிஸ்ட் மிஷனரிகள் இலங்கையின் காலி நகரில் கரையிறங்கினார்கள். லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்துக்கும், வில்லியம் ஆல்ட் மட்டக்களப்புக்கும் போனார்கள். ஆல்ட் ஒரு வருடம்கூட முடியாமல் அங்கேயே இறந்தார். அவர் தொடங்கிய பள்ளி இன்றும் மெதடிஸ்ட் மத்திய கல்லூரியாக நடக்கிறது. எப்வர்த் சமையலறையில் இதையெல்லாம் பேசுவதற்கு யாழ்ப்பாணத்துக்காரர் யாராவது பக்கத்தில் இருந்திருக்கலாம்.

போகிறவர்கள் குருமனை திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். கல்லறைக்கு அந்தக் கவலை இல்லை.