உறைந்த ஏரிக்கு அடியில் முக்குளிப்பு: கயிற்றின் இரு முனைகளிலும் பெற்ற அனுபவம்

திறந்த நீரில் ஸ்கூபா, அதாவது முதுகிலுள்ள சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி முக்குளிக்கும் கலை, பழகுபவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஊட்டப்படும் தைரியம், எது பிசகினாலும் நிதானமாக மேலே வந்துவிடலாம் என்பதுதான். உறைந்த ஏரியில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. தலைக்கு மேலே கெட்டியான பனிக்கட்டி இருக்க, இறங்கிய துளை ஒன்றே வெளியேறும் வழியாகவும் இருப்பதால், பொழுதுபோக்கு முக்குளிப்பில் இதைத் தனிப் பயிற்சியாக வைத்திருக்கிறார்கள். நான் பயின்ற பி.ஏ.டி.ஐ. (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் முறையில் சேர 18 வயது நிறைந்திருக்க வேண்டும். தொடக்கநிலைச் சான்றிதழுக்கு அடுத்த நிலையையும் முடித்திருக்க வேண்டும். பயிற்சியில் நீருக்குள் இறங்குவது மூன்று முறைதான். காகிதத்தில் படிக்கும்போது சிறியதாகத் தெரிந்த அந்தப் பயிற்சியில், உழைப்பின் பெரும்பகுதி பனித்தளத்தின் மேலேயே செலவாகிறது.

ஏரிக்குப் போவதற்கு வெகு முன்பே, நீர் புகாத முழு உடையான டிரை சூட்டில் பழகிக்கொள்ளும்படி பயிற்சியாளர் வற்புறுத்தினார். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அதிக அடர்த்தி கொண்டது என்பதால், குளிர்காலத்தில் அந்த வெப்பநிலையிலுள்ள நீர் அடியில் தங்கிவிட, பனிக்கட்டியை ஒட்டிய மேல் நீர் ஏறக்குறைய 0 டிகிரியில் நிற்கிறது. எனவே மேலே ஏற ஏறக் குளிர் குறையும் என்ற வழக்கமான எதிர்பார்ப்பு இங்கே பொய்த்துவிடுகிறது. டிரை சூட்டில் கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள ரப்பர் விளிம்புகள் நீரைத் தடுக்க, உள்ளே அணியும் தடித்த உடையில் தங்கும் காற்று உடலைச் சூடாக வைக்கிறது. அந்தக் காற்று கால்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் உடல் தலைகீழாகிவிடும். அதிலிருந்து சுருண்டு நிமிரும் பயிற்சியைத் தலைக்கு மேல் பனிக்கட்டி இல்லாத இடத்தில் செய்து பார்த்துவிடுவதே அறிவுடைமை. நீர் நேரடியாகப் படுவது உதட்டைச் சுற்றியுள்ள தோலில் மட்டுமே. அங்கே முதலில் ஊசி குத்துவதுபோல் வலித்துப் பிறகு மரத்துப்போகிறது.

துளை வெட்டுவதற்கு முன் பனிக்கட்டியைப் பல இடங்களில் துளையிட்டுத் தடிமனை அளந்தார்கள். தெளிந்த, கருமை படர்ந்த பனிக்கட்டியே உறுதியானது. பனிப்பொழிவு நனைந்து உறைந்த வெள்ளைக் கட்டிக்கு அதன் பாதி வலிமையே உண்டென்று கணக்கில் கொள்கிறார்கள். துளை முக்கோண வடிவில் இருக்க வேண்டும். மூலையில் இருபுறமும் கையூன்றி எழ முடிவதால் கனமான சிலிண்டரோடு வெளியேறுவது எளிது. சங்கிலி ரம்பத்தால் வெட்டும்போது சில்லுகளும் நீரும் முகத்தில் அடிக்கின்றன. வெட்டிய பெரும் கட்டியை வெளியே இழுப்பதைவிட ஒரு விளிம்பை அழுத்தி அருகிலுள்ள பனித்தளத்துக்கு அடியில் தள்ளிவிடுவது சுலபம் என்பதால் எங்கள் குழு அப்படியே செய்தது. பிறகு தளத்தின் மேலிருந்த பனியை மண்வெட்டியால் ஒதுக்கி, துளையிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல் பாதைகளையும், அவற்றின் குறுக்கே துளையை நோக்கிய அம்புக்குறிகளையும் வரைந்தோம். பனி விலகிய இடங்களில் ஒளி ஊடுருவுவதால், கீழிருந்து பார்ப்பவருக்கு அவை வழிகாட்டும் ஒளிக்கோடுகள். முக்குளிப்பவரை மேலே உள்ளவரோடு இணைக்கும் கயிறு இருக்கும்போது இது எதற்கு என்று முதலில் எனக்குத் தோன்றியது உண்மை.

இந்த முக்குளிப்பின் தனி ஆபத்து என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது, சிலிண்டர் காற்றின் அழுத்தத்தை இரண்டு நிலைகளில் குறைத்து வாய்க்குத் தரும் கருவியான ரெகுலேட்டர் உறைவதுதான். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, சிலிண்டரோடு பொருந்தும் முதல் நிலையில் சுற்றுப்புறத்தைவிடச் சுமார் 10 பார் மட்டுமே கூடுதலான அழுத்தத்துக்கு ஒரே நொடியில் விரிவடையும்போது கடுமையாகக் குளிர்கிறது. சுற்றியுள்ள நீர் ஏற்கெனவே உறைநிலைக்கு அருகில் இருப்பதால், முதல் நிலையின் அசையும் உறுப்புகளைச் சுற்றிப் பனி பிடித்து வால்வு மூட முடியாமல் நின்றுவிடலாம். வாயில் கடிக்கும் இரண்டாம் நிலையில் மூச்சின் ஈரமே உறைந்து அதே வேலையைச் செய்யும். வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் காற்று இடைவிடாமல் பீறிடும். பாய்ச்சல் கூடக் கூடக் குளிரும் கூடுவதால் அது தானாக நிற்பதற்கு வழியில்லை; சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும். இதை ஃப்ரீ ஃப்ளோ என்பார்கள்.

ஆகவே குளிர்நீருக்கென்று மூடி காப்பிடப்பட்ட முதல் நிலைகள் இரண்டை, இரட்டை வால்வு கொண்ட சிலிண்டரில் தனித்தனியே பொருத்திக்கொள்கிறோம். வெளிக்காற்று நீரைவிடப் பன்மடங்கு குளிர்ந்திருப்பதால், தலை நீருக்குள் போகும்வரை ரெகுலேட்டரில் மூச்சு விடக் கூடாது, காற்றைப் பீறிடச் செய்யும் அதன் பொத்தானை அழுத்திச் சோதிக்கவும் கூடாது. டிரை சூட்டுக்குக் காற்று ஏற்றுவதும் சின்னச் சின்ன அழுத்தல்களாக, அதுவும் மூச்சை இழுக்காத வேளையில்தான். எங்கள் குழுவில் ஒருவருக்கு இத்தனைக்கும் பிறகு கீழே ஃப்ரீ ஃப்ளோ ஏற்பட்டது. அவருடைய முகமே தெரியாதபடி குமிழிகள் திரையிட்டன. அவர் இரண்டாவது ரெகுலேட்டரை வாய்க்கு மாற்ற, உடன் இருந்தவர் பீறிட்ட பக்கத்து வால்வைத் திருகி மூடினார். ஓசை நின்றது, இருவரும் கயிறு வழியே துளைக்குத் திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் பனி கரைந்து அந்தக் கருவி ஒழுங்காக வேலை செய்தது என்றாலும், அன்றைக்கு அதை யாரும் மறுபடி தொடவில்லை.

நீருக்குள் போகும் முன்பே கயிறு பிடிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. இந்தப் பயிற்சியிலேயே நான் அதிகம் கற்றது அங்குதான். கயிற்றின் ஒரு முனை பனித்தளத்தில் முடுக்கிய ஆணியில் கட்டப்பட்டிருக்கும்; மறுமுனை, முக்குளிப்பவர் மற்றக் கருவிகளுக்கு அடியில் தனியாக அணிந்திருக்கும் ஹார்னஸ் என்ற உடல் பட்டையில், பூட்டும் வகைக் கொக்கியால் மாட்டப்பட்டிருக்கும். நடுவே கயிறு பிடிப்பவரின் கை. எங்கள் குழுவில் ஓர் இழுப்புக்கு ‘நலம்’, இரண்டுக்கு ‘கயிறு விடு’, மூன்றுக்கு ‘திரும்புகிறேன்’, நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து என்று பொருள். இந்தக் குறிகள் குழுவுக்குக் குழு மாறலாம் என்பதால், துளை ஓரத்தில் எல்லோரும் வாய்விட்டு ஒருமுறை ஒப்பித்த பிறகே யாரையும் இறக்கினார்கள். நனைந்த கயிறு வெளிக்காற்றில் விறைத்து மேலெல்லாம் பனித்துகள் படிகிறது. தளர விட்டால் இழுப்பு கைக்கு வந்து சேராது. இறுக்கிப் பிடித்தால் கீழே இருப்பவரின் ஒவ்வொரு துடுப்பசைவும் குறிபோலத் தோன்றும். இரண்டுக்கும் நடுவிலான அந்தத் தொடுகையைக் கையுறைக்குள் இருக்கும் விரல்கள் கற்றுக்கொள்ளும்வரை நான் யாருடைய பேச்சுக்கும் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் முழு உடையோடு ஒரு காப்பு முக்குளிப்பவர் எந்நேரமும் இறங்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்து நடுங்கும் அந்த வேலைதான் எல்லாவற்றிலும் கடினமானது என்பது என் எண்ணம்.

என் முறை வந்து துளைக்குள் இறங்கியபோது, கண் முதலில் தேடியது மேற்கூரையைத்தான். பனித்தளத்தின் அடிப்பகுதி மட்டமாக இல்லை. வெட்டிய இடத்தருகே நீலமாகவும், தொலைவில் பனி மூடிய பகுதியில் மங்கலாகவும் இருந்தது. நாம் விடும் காற்று வெளியேற வழியின்றிக் கட்டிக்கு அடியில் பரவி, பாதரசம்போல் மினுங்கிக்கொண்டு நகர்கிறது. அலையும் காற்றும் கலக்காத, பாசி மிகக் குறைந்த குளிர்கால நீரில் பார்வை வெகுதூரம் போகிறது. மேலே நாங்கள் அம்புக்குறிகள் வரைந்ததன் பயன் அங்கே கேட்காமலே விளங்கியது. கயிற்றை நான் ஒருமுறைகூட மறக்கவில்லை. தோளுக்குப் பின்னால் அது இழுபடும் உணர்வு இருந்துகொண்டே இருந்தது. காற்றில் மூன்றில் ஒரு பங்கு செலவானதும் திரும்பிவிடுவது விதி. விரல்நுனிகள் அதற்கும் முன்பே திரும்பச் சொல்லிவிட்டன.

ரஷ்யாவின் பைக்கால் ஏரியிலும் வெண்கடலிலும் இதே முறையில் முக்குளிப்பதற்கென்றே பலர் பயணம் போகிறார்கள். பின்லாந்தின் ஜொஹன்னா நோர்ட்பிளாட் 2021-இல் ஒரே மூச்சில், காப்பு உடையின்றி, ஏரிப் பனிக்கடியில் 103 மீட்டர் நீந்திக் கடந்தார். அது வேறு கலை, அதை நினைத்து இங்கே இறங்கக் கூடாது.

கயிறு அறுந்த நிலைக்கான ஒத்திகையையும் செய்தோம். துளை கண்ணில் படவில்லையென்றால் அதைத் தேடி அலையக் கூடாது. பனித்தளத்தின் அடிப்பரப்பு வரை ஏறி, அங்கே உடலை நிமிர்த்தி நிறுத்திக்கொண்டு, மூச்சைச் சீராக்கிக் காத்திருக்க வேண்டும். காப்பு முக்குளிப்பவர், காணாமல்போனவருடைய கயிற்றைவிட நீளமான கயிற்றோடு இறங்கி, அதை விறைப்பாக வைத்தபடி பனிக்கு அடியிலேயே வட்டமடித்து வருவார்; காத்திருப்பவர் மேல் அந்தக் கயிறு வந்து தட்டும். ஒத்திகையில் நான் வேறொரு பாதுகாப்புக் கயிற்றோடுதான் இணைந்திருந்தேன். ஆனாலும் ஒரு கையைத் தலைக்கு மேல் கட்டியில் ஊன்றி, அசையாமல் நின்ற அந்த நேரம் நீண்டது. கயிறு முன்கையில் உரசியதும் அதைப் பற்றிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் நனைந்த கொக்கிகள் விரைவில் உறைந்துவிடுகின்றன. அவற்றைக் கழற்ற வெந்நீர்க் குடுவை ஒன்று பக்கத்தில் இருப்பது நல்லது. உடம்பு சில்லிட்டிருக்கும்போது சிலிண்டர் தூக்குவது, பனி வெட்டுவது போன்ற கடும் வேலைகளை உடனே செய்யக் கூடாது. கடைசியாகச் செய்த வேலை, பனித்தளத்துக்கு அடியில் தள்ளியிருந்த கட்டியைக் கம்பால் நெம்பி மீண்டும் துளையில் நிறுத்தியது. விளிம்பிலுள்ள இடைவெளிகளில் உறையும் புதுப்பனி ஆளைத் தாங்காது என்பதால், முக்கோணத்தைச் சுற்றிக் கண்ணில் படும்படி கழிகளை நட்டு, பளிச்சென்ற துணிகளைக் கட்டிவிட்டு வந்தோம்.