மூடி மட்டும்தான் கிடைத்தது

கோ-ஒர்க்கிங் இடத்துக்கு, அதாவது பலரும் மேசை வாடகைக்கு எடுத்து வேலை செய்யும் பொது ஆபீசுக்கு, முதல் முறை போகிறவர்களுக்கு எடுத்தவுடனே ஒன்று சொல்லிவிடுகிறேன். உள்ளே கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளையும் வாசலில் எழுதிக் கொடுங்கள். லேப்டாப் மட்டும் போதாது, ஸ்க்ரூ டிரைவர் வரைக்கும் எழுதுங்கள். ஏன் என்பது கடைசியில் வரும். இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

எனக்கு ஊர் திண்டிவனம் பக்கம். போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டரோடு இணைக்கிற ஒரு சின்னக் கருவி செய்து வைத்திருக்கிறேன். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் இழுக்கும் கரண்ட் குறையும். அதைப் பிடித்து மோட்டாரை நிறுத்தி, போனுக்கு ஒரு செய்தி அனுப்பும். கருவி வேலை செய்கிறது, ஆனால் ஒரு டிபன் டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஒழுங்கான பெட்டி வேண்டும். சென்னையில் பெருங்குடிப் பக்கம் ஒரு இடத்தில் நாள் வாடகைக்கு மேசையும் தருவார்கள், பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள் செய்கிற த்ரீடி பிரிண்டரும் உண்டு என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன்.

ஆன்லைன் படிவத்திலேயே முதல் முட்டுக்கட்டை. புது நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகார எண் கேட்டது, அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவில்லை. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரம்புள்ள பொறுப்புக் கூட்டு நிறுவனம்), பதிவு செய்த கூட்டு நிறுவனம் இப்படி ஏதாவது இருந்தால்தான் அந்த அங்கீகாரம் கிடைக்கும். என்னைப் போல் தனி ஆளாகத் தொழில் செய்கிறவனுக்குக் கிடையாது. இரண்டு நாள் போன் போட்ட பிறகு, "அதுல சைபர் போட்டு அனுப்புங்க சார், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றார்கள். சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழைக் காட்டினால் போதுமாம். (உத்யம் பதிவு முழுக்க இலவசம். எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் நான் 500 ரூபாய் கொடுத்தது தனிக் கதை.)

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. எழும்பூரில் இறங்கி, பறக்கும் ரயில் மாறி, பெருங்குடி ஸ்டேஷனில் இறங்கினேன். பெருங்குடியில் இருக்கும் ஆபீசுக்குப் பெருங்குடி ஸ்டேஷன்தானே என்று நினைத்தேன். அந்த ஸ்டேஷன் வேளச்சேரிப் பக்கம் இருக்கிறது, ஆபீஸ் இருக்கும் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) அங்கிருந்து நல்ல தூரம். திருவான்மியூரில் இறங்கியிருந்தால் ஸ்டேஷனே ஓஎம்ஆர் மேல்தான், வெளியே வந்ததும் பஸ் ஏறியிருக்கலாம். ஆட்டோ பிடித்து, மெட்ரோ வேலைத் தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். நான் பதிவு செய்திருந்தது பத்து மணிக்கு.

வாசலில் போட்டோ, ஓடிபி, ஆதார், லேப்டாப் சீரியல் நம்பர் எல்லாம் முடிந்தது. நாள் கட்டணம் 600 என்று போட்டிருந்தார்கள், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 708 ஆனது. மேசை, வைஃபை, காபி எதிலும் குறை சொல்ல முடியாது.

பிரிண்டர் அறைக்குள் போனதும்தான் மானம் போனது. பெட்டியின் படத்தை என் அக்கா மகன் வரைந்து கொடுத்திருந்தான். அங்கே இருந்த பெண் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இது மோதிரம் வைக்கிற பெட்டியா?" என்று கேட்டார். 6 அங்குலப் பெட்டி 6 மில்லிமீட்டராக நின்றது. பிரிண்டருக்குக் கொடுக்கிற எஸ்டிஎல் என்ற படக் கோப்பில் எண் மட்டும்தான் இருக்குமாம், அளவு அங்குலமா மில்லிமீட்டரா என்று எழுதியிருக்காதாம். பையன் அங்குலத்தில் வரைந்திருக்கிறான், இயந்திரம் மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டது. 25.4 மடங்கு பெரிதாக்கினார், சரியாகிவிட்டது. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால், அச்சடிக்க ஒன்பது மணி நேரம் ஆகும் என்றது இயந்திரம். எனக்கு ஒதுக்கியிருந்ததோ இரண்டு மணி நேரம்.

"மூடியை மட்டும் போட்டுடலாம், அளவு சரியான்னு தெரிஞ்சிடும்" என்றார். நல்ல யோசனைதான். வெயிலில் சுவரில் மாட்டுகிற பெட்டி என்று சொன்னதும் இன்னொன்றும் சொன்னார். இப்போது அச்சடிக்கிற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும், சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நிற்காது, அடுத்த முறை அதைவிடச் சூடு தாங்கும் பெட்ஜி பிளாஸ்டிக்கில் போடுங்கள் என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே 708 ரூபாய் தகும். மூடி கையில் வந்தபோது இன்னும் சூடாக இருந்தது. டிபன் டப்பா மேல் வைத்துப் பார்த்தேன், நாலு ஸ்க்ரூ துளையும் கச்சிதம். யாருக்கும் தெரியாமல் நாலைந்து தடவை மூடி மூடித் திறந்தேன்.

ஆறேகால் மணிக்கு வெளியே வரும்போது செக்யூரிட்டி பெரியவர் பையைத் திறந்து டிபன் டப்பாவை எடுத்தார்.

"தம்பி, இது என்ன? வரும்போது என்ட்ரி போட்டீங்களா?"

"என்னோடதுதாங்க ஐயா, ஊர்லேர்ந்து கொண்டுவந்தது."

"இருக்கலாம். ரெஜிஸ்டர்ல லேப்டாப் மட்டும்தான் இருக்கு. கேட் பாஸ் இல்லாம விட முடியாது."

ஒயரும் சர்க்யூட் பலகையுமாக இருக்கும் டப்பா, அங்கே உள்ளே இருக்கும் லேபிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாமே. அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் பொருளை வெளியே கொண்டுபோக அனுமதிக்கும் அந்த கேட் பாஸில் கையெழுத்துப் போடும் மேலாளர் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டார். ரிசப்ஷனில் இருந்தவர், "நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்கோங்க" என்று போனிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னார். திண்டிவனத்திலிருந்து!

கடைசியில் பெரியவர்தான் வழி சொன்னார். மேலாளருக்குப் போன் செய்து, போட்டோ அனுப்பி, அவர் மெயிலில் அனுமதி தந்தால் போதும், ஆனால் பதிவேட்டில் ஒட்ட காகிதம் வேண்டும். அரை மணி நேரம் கழித்து மெயில் வந்தது. நாள் கட்டணத்தில் ஐந்து பக்கம் பிரிண்ட் இலவசம் என்று காலையில் சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு பக்கத்தை இதற்குத்தான் பயன்படுத்தினேன். ஊருக்குப் பஸ் ஏறக் கிளாம்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது.

வருகிற வியாழக்கிழமை மறுபடியும் போகிறேன், அடிப்பெட்டிக்கு. பத்து மணி நேரம் கேட்டு வாங்கியாகிவிட்டது. கேட் பாஸ் படிவமும் மூன்று பிரதி வாங்கி வந்தேன். மூன்றையும் நேற்றே நிரப்பிவிட்டேன், டிபன் டப்பாவையும் சேர்த்து.