இரண்டு அங்குலமும் அம்மாவின் முக்காலியும்

தம்பலகாமத்தில் எங்கள் வயலுக்குப் போகிற பாதையை மார்கழியில் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். உழவு இயந்திரங்கள் போய்வந்து இரண்டு பக்கமும் ஆழமாகத் தடம் விழுந்து, நடுவில் மட்டும் மேடு நீளமாக நிற்கும். போன பெரும்போகத்தில் இரண்டு உர மூட்டைகளோடு போன என் ஜிம்னி ஜீப், அந்த மேட்டில் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது. நான்கு சில்லும் சுற்றின, வண்டி அசையவில்லை. பக்கத்து வயல்காரர் உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி இழுத்தார். இழுத்து முடித்துவிட்டு, "சேர், இது ஜீப்பா, ஆமையா?" என்று கேட்டார். வண்டியை உயர்த்துவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

திருகோணமலை நகரில் முதலில் விசாரித்த கராஜில், "நாலு அங்குலம் தூக்கலாம், ஒரே நாள் வேலை" என்றார்கள். சேசிஸ் என்கிற அடிச்சட்டத்துக்கும் மேலே உள்ள கூட்டுக்கும் இடையில் கட்டைகளை வைத்துக் கூட்டை மட்டும் உயர்த்துகிற முறை அது. மலிவானது என்பதால் எனக்கும் ஆசை வந்தது. நல்லவேளையாக, முற்பணம் கொடுப்பதற்கு முன் பாலையூற்றில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். அவர் குந்தியிருந்து அடியில் எட்டிப் பார்த்தார்.

"சேர், மேட்டில் முட்டியது எது?"

"அடிப்பக்கம்."

"அடியில் எது?"

எனக்குத் தெரியவில்லை. அச்சின் நடுவே சுரைக்காய் போலத் தொங்குகிற டிஃபரன்சியலை, இரண்டு பக்கச் சில்லுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியை, தட்டிக் காட்டினார். அதில் சேறு இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. "கூட்டைத் தூக்கினாலும், ஸ்பிரிங்கை மாற்றினாலும், இது இருந்த இடத்திலேயே இருக்கும். இதைத் தூக்குவது டயர் ஒன்றுதான். ஸ்பிரிங் சேசிஸைத் தூக்கும். பெரிய டயருக்கு இடமும் விடும். கூட்டுக்குக் கட்டை வைத்தால் இடம் மட்டும்தான் கிடைக்கும், சேசிஸ்கூட உயராது."

அன்றிரவு மகளின் கணக்குக் கொப்பியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டியோடு வந்த டயர் 205/70 ஆர் 15. அகலம் 205 மில்லிமீற்றர். அதில் 70 சதவீதம் பக்கச் சுவர். மேலும் கீழுமாக இரண்டு தடவை. அதோடு 15 அங்குல ரிம்மின் 381. மொத்தக் குறுக்களவு 668. மெக்கானிக் சொன்ன 235/75 ஆர் 15 டயருக்கு 733. வித்தியாசம் 65, டிஃபரன்சியலுக்குக் கிடைப்பது அதில் பாதி, 33 மில்லிமீற்றர். இத்தனை செலவும் ஒன்றேகால் அங்குலத்துக்கா என்று மனைவி கேட்டாள். ஸ்பிரிங்கால் கிடைக்கும் இரண்டு அங்குலமும் டயர் உயரமும் சேர்த்துச் சேசிஸ் மூன்றேகால் ஏறும் என்று சமாளித்தேன். இன்னும் பெரிய 31 அங்குல டயர் போட்டால் என்ன என்று மறுநாள் கேட்டதற்கு, மெக்கானிக் 1.3 லீற்றர் எஞ்சினைத் திறந்து காட்டி, "இதைக் கேளுங்கள்" என்றார்.

வேலை தொடங்குமுன் காப்புறுதி நிறுவனத்துக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் எழுதிக் கேட்டேன். அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை, காத்திருப்புத்தான்.

உதிரிப்பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு இரவு பஸ்ஸில் போனேன். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துகிற நான்கு ஸ்பிரிங்குகள் கிடைத்தன. ஸ்பிரிங்கின் குலுக்கத்தை அடக்குகிற ஷொக் அப்சோபர் பழையதே போதும் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார், நம்பினேன். திரும்பி வந்ததும் மெக்கானிக் கோபப்பட்டார். ஸ்பிரிங் வண்டியை உயர்த்தியதும் பழைய ஷொக் ஏற்கெனவே பாதி இழுபட்டு நிற்கும். சில்லு ஒரு குழிக்குள் இறங்கினால் அது முழுவதும் நீண்டு டொக்கென்று அடிக்கும். ஆக, நீளமான ஷொக்குக்காக இன்னொரு கொழும்புப் பயணம்.

ஸ்பிரிங் மாற்றியது நான் நினைத்ததைவிட எளிதாக முடிந்தது. சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷொக்கைக் கழற்றி, அச்சைக் கீழே இறக்கினால் ஸ்பிரிங் தானாகக் கையில் வருகிறது. பிரேக் ஹோஸ் இழுபடாமல் அதன் பிடியைக் கீழே இறக்கினார்கள். டயர் மட்காட்டில் ஏறி உரசாதபடி ரப்பர் முட்டுகளின் உயரத்தைக் கூட்டினார்கள். முன் பம்பரின் மூலைகளை வெட்டியபோது நான் தேநீர் குடிக்கப் போய்விட்டேன், பார்க்க மனம் வரவில்லை.

சோதனை ஓட்டத்துக்கு நிலாவெளி வீதியில் போனோம். மணிக்கு 60 கிலோமீற்றரில் வண்டி மதுக்கடையிலிருந்து வருகிறவனைப் போல அங்கும் இங்கும் அலைந்தது. வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை. வண்டி உயரும்போது முன் அச்சைப் பிடித்திருக்கும் கைகளின் கோணம் மாறி, அச்சே சற்றுச் சுழன்றுவிடுகிறது; சில்லை நேராக்கி வைக்கும் காஸ்டர் சாய்வு குறைந்துவிடுகிறது. அந்தக் கைகளின் முனையில், துளை மையத்தில் இல்லாமல் ஓரமாக அமைந்த புஷ் என்கிற வளையங்களைப் போட்டால் சாய்வு திரும்பும். அவை வர இரண்டு வாரம். லேத் கடையில் பழையதை அழுத்தி எடுத்துப் புதியதை ஏற்ற ஒரு முழுப் பகல். அச்சைக் குறுக்காகப் பிடிக்கும் தடியால் முன் அச்சு எட்டு மில்லிமீற்றர் ஒரு பக்கமாக ஒதுங்கியும் இருந்தது. நீளம் மாற்றக்கூடிய தடி போட்டு அதையும் நடுவுக்குக் கொண்டுவந்தோம். வேலை முழுவதிலும் நான் குறைத்து மதிப்பிட்ட பகுதி இதுதான். இதைச் செய்யாமல் ஓடுகிற உயர்ந்த ஜீப்புகளைக் கண்டால் இப்போது ஒதுங்கிக்கொள்கிறேன்.

கடைசியாகத்தான் டயர்கள். உதிரிச் சில்லையும் சேர்த்து ஐந்து. மற்ற எல்லாவற்றையும்விட அவற்றுக்குத்தான் அதிகம் போனது. பின் கதவில் தொங்கும் உதிரிச் சில்லின் பாரத்தில் கதவுக் கீல் இறங்கிவிட்டது. விளக்கு உயர்ந்துவிட்டதால் எதிரே வந்த பஸ்காரர்கள் வெளிச்சம் அடித்துத் திட்டினார்கள். அதைத் தாழ்த்திய பிறகு நிம்மதி. பெற்றோல் மட்டும் அநியாயமாகக் குடிப்பதாகத் தோன்றியது. கந்தளாய்ப் பக்கம் போகும்போது கிலோமீற்றர் கற்களை எண்ணிப் பார்த்தேன்: மீற்றர் பத்துக் காட்டும்போது பதினொரு கல் தாண்டியிருந்தது. சில்லு பெரிதானதால் மீற்றர் பதினொன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டுகிறது; அதனால்தான் பெற்றோல் அவ்வளவு போவதாகத் தெரிந்தது. 60 என்று அது சொன்னால் உண்மையில் ஏறக்குறைய 66.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போக வந்து நின்றவர், கதவுக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கிழமையே இரண்டு பக்கமும் குழாய்ப் படி ஒட்டுவித்தேன். அது சேசிஸுக்குக் கீழே நன்றாகத் தொங்கியது; தம்பலகாமத்து மேட்டில் முதல் தடவையே இடது படி மண்ணைக் கோதி வளைந்துவிட்டது. இரண்டையும் கழற்றிக் கோழிக் கூட்டுக்குப் பக்கத்தில் போட்டேன். இப்போது பின் இருக்கைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் முக்காலி கிடக்கிறது. அம்மா ஏறியதும் அதை எடுத்து உள்ளே வைப்பது என் வேலை.