கூட்டாளி இல்லாமல் போனால்

திருப்பூரில் நானும் என் நண்பரும் நடத்தும் பின்னலாடை நிறுவனத்தின் கூட்டாண்மைப் பத்திரத்தைப் புதுப்பிக்க உட்கார்ந்தபோது, இலாபப் பங்கைவிட, எங்களில் ஒருவர் இறந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அதிகம் பேசினோம். அபசகுனமாகப் பேசுகிறோம் என்று வீட்டில் கடிந்துகொண்டார்கள். சட்டம் சகுனம் பார்ப்பதில்லையே.

வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 42ஆம் பிரிவின்படி, ஒரு கூட்டாளியின் மரணத்தோடு நிறுவனமும் கலைந்துவிடும். இருவர் மட்டுமே உள்ள நிறுவனத்தில் ஒப்பந்த வாசகமும் முழுமையாகக் காப்பாற்றாது. ஒருவர் தனியாகக் கூட்டாண்மை நடத்த முடியாது, வாரிசும் தானாகக் கூட்டாளி ஆவதில்லை. எனவே, தொழிலை எஞ்சியவர் எடுத்துக்கொள்வதென்றும், இறந்தவரின் பங்கை இன்ன முறையில் மதிப்பிட்டு இத்தனை தவணைகளில் குடும்பத்துக்குக் கொடுப்பதென்றும் எழுதினோம். கணக்கை முடிக்காமலே எஞ்சியவர் தொழிலைத் தொடர்ந்தால், 37ஆம் பிரிவின்படி, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, அந்தக் குடும்பம் இலாபத்தில் உரிய பங்கையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ கேட்கலாம்.

என் கணிப்பில், மரணத்தைவிடச் சிக்கலானது நீண்ட நோய். காசோலைக்கு இருவர் கையெழுத்தும் தேவை என்று வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒருவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டால், தொழிலாளர்களின் வாரச் சம்பளமே நின்றுபோகும். பவர் பத்திரம் இருக்கிறதே என்பார்கள். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அதுவும் பொதுவாக முடிவுக்கு வந்துவிடும். அதனால் சம்பளத்துக்கும் நூல் கொள்முதலுக்கும் ஒரு வரம்பு வரை ஒருவர் கையெழுத்தே போதும் என்று வங்கி ஆவணத்தை மாற்றிக்கொண்டோம்.