டி.சி. கையில் வந்தும் மகள் பழைய பள்ளியிலேயே இருந்தாள்: மாண்டிசோரி பள்ளிக்கு மாற்றிய அனுபவம்

மகளை ஒரு வழியாக மூன்றாம் வகுப்புக்கு மாண்டிசோரி பள்ளியில் (பிள்ளைகள் பொருள்களைக் கையால் எடுத்துச் செய்து, தங்கள் வேகத்தில் கற்கும் முறை) சேர்த்தாயிற்று. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. சில இடங்களில் காரம் தூக்கலாக இருக்கும்.

முதல் தொல்லை பெயர்ப் பலகை. மாண்டிசோரி என்று போட்டுக்கொள்ள யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. எல்.கே.ஜி., யு.கே.ஜி. நடத்துபவர்கள் பாதிப் பேர் போட்டிருக்கிறார்கள். நாங்கள் பார்த்த ஒரு பள்ளியில் பிங்க் டவர், அதாவது பிள்ளைகள் அளவு பார்த்து அடுக்கிப் பழகும் மாண்டிசோரி கட்டைகள், கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்துக் கட்டைகள், ஒன்றில்கூடப் பிள்ளைகள் கை பட்ட அழுக்கு இல்லை. பிள்ளைகளோ பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து நாலு கோடு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இதை எப்போது எடுத்துக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "ஆண்டு விழாவுக்கு வெளிய வைப்போம் மேடம். பிள்ளைங்க கையில குடுத்தா ஒண்ணு ரெண்டு காணாமப் போயிடும்." அப்படியே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அதனால் சொல்கிறேன், அட்மிஷன் அறையில் உட்கார்ந்து பேசி எதுவும் தெரியாது. காலையில் வகுப்பு நடக்கும்போது ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். முக்கால் மணிக்கொரு தரம் பெல் அடித்துப் பாடம் மாறினால் கிளம்பிவிடலாம். இந்த முறையில் காலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிள்ளைகள் தாங்கள் எடுத்த வேலையை இடைவெட்டு இல்லாமல் செய்ய வேண்டும். 6 முதல் 9 வயதுவரை ஒரே அறையில் இருக்கிறார்களா என்று பாருங்கள். முக்கியமாக ஆசிரியரின் பயிற்சி. 3–6 வயதுக்கான டிப்ளமோ வேறு, 6–12 வயதுக்கானது வேறு. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு தொடக்க வகுப்பு நடத்தும் இடங்கள் உண்டு. கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

கடைசியில் சேர்த்த பள்ளியில் அனுமதித்தார்கள். ஒரு பையன் பாயில் உட்கார்ந்து ஸ்டாம்ப் கேம் என்ற கணக்குச் சில்லுகளை வைத்துக் கழித்தல் போட்டுக்கொண்டிருந்தான். பச்சைச் சில்லின் மதிப்பு ஒன்று, நீலம் பத்து, சிவப்பு நூறு. பச்சை போதவில்லை. ஒரு நீலத்தைப் பெட்டிக்குள் போட்டு, பத்துப் பச்சையை எண்ணி எடுத்தான்; எடுத்தது ஒன்பது. விடை ஒன்று குறைந்தது. ஆசிரியை பக்கத்தில்தான் இருந்தார், வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் நாக்கு துறுதுறுத்தது. அவன் விடையையும் கழித்ததையும் கூட்டிப் பார்த்து, தலையைச் சொறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். சரி, இங்கேதான் என்று முடிவு செய்தோம்.

சேர்க்கையில் சிக்கலே இல்லை. சிக்கல் எல்லாம் பழைய பள்ளியில்தான்.

டி.சி. கேட்டதும் அடுத்த டேர்ம் ஃபீஸைக் கட்டச் சொன்னார் அலுவலகத்தில் இருந்தவர். படிக்காத டேர்முக்கு எதற்கு என்றால், "ரூல்ஸ் அப்படித்தாம்மா" என்றார். எந்த ரூல்ஸ் என்று எழுதித் தரச் சொன்னதும் குரல் இறங்கியது. டி.சி.யைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. அந்தச் செய்தியைப் போனில் வைத்திருந்தேன், காட்டினேன். (அரசுப் பள்ளிக்கு மாறுபவர்களுக்கு இன்னும் வலுவான பிடி உண்டு. கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5-இன்படி டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவே முடியாது.)

டி.சி. வந்தது. ஸ்வீட் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். புதுப் பள்ளியில் எமிஸ் எண்ணை (கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) போட்டால், பழைய பள்ளியிலேயே படிப்பதாகக் காட்டுகிறது! டி.சி. கொடுத்தவர்கள் அவளைக் காமன் பூலில், அதாவது பள்ளி மாறும் பிள்ளைகளின் பெயர்களை விடும் பொதுப் பட்டியலில், விடவில்லை. விடாதவரை வேறு எந்தப் பள்ளியும் அவள் பெயரை ஏற்ற முடியாது. போன் செய்தால், "சர்வர் டவுன்", "எமிஸ் பார்க்குற மிஸ் லீவு", "நாளைக்குப் பாருங்க". மேட்டூர் அணை திறந்து தண்ணீரே எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிட்டது, எமிஸ் எண் வரவில்லை. மாமியார் வேறு, "நல்லா இருந்த பள்ளிக்கூடத்த விட்டுட்டு, நோட்டும் இல்ல, வீட்டுப்பாடமும் இல்ல, இப்ப பேரும் இல்லயா?" என்று ஆரம்பித்துவிட்டார்.

பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் பேசிப் புகார் பதிந்தேன். தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு எழுதி, நகலைப் பழைய பள்ளி மேசையில் வைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து கேட்டேன். கையெழுத்து போடவில்லை. ஆனால் லீவில் இருந்த மிஸ் அன்று மாலையே வந்துவிட்டார் போல. பெயர் காமன் பூலில் விழுந்தது.

இன்னொன்று. சேர்க்கும் பள்ளிக்கு அங்கீகாரமும் 11 இலக்க யூடைஸ் எண்ணும் (அரசுப் பதிவில் பள்ளிக்கு உள்ள எண்) இருக்கிறதா என்று ஃபீஸ் கட்டும் முன்பே பாருங்கள். தோப்பும் தோட்டமுமாக அழகாக இருக்கும், பேப்பர் இருக்காது. பின்னால் அலைவது நாம்தான். ஃபீஸ் கட்டுப்படியாகாது என்றால் உங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியையும் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் அட்டைகளையும் பொருள்களையும் வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் 2007–08-லேயே தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் முழுக்க வந்தது, 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் நடக்கிறது. நல்ல டீச்சர் அமைந்தால் காசில்லாமலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

எங்கள் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு மறுபடி டி.சி., மறுபடி காமன் பூல். அப்போது எமிஸ் திரையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டி.சி. ரிஜிஸ்டரில் கையெழுத்து போடுவேன்.