வேர்ல்ட்கானில் ஒரு நாள்: நாலு பேர் போனால் நாலு வழி

உலக அறிவியல் புனைவு மாநாடான வேர்ல்ட்கானுக்கு நண்பர்களோடு போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே திரிவது. நாலு பேரும் ஒரு அறை வாசலில் நிற்பார்கள். அதில் இரண்டு பேருக்கு அந்தப் பேச்சில் ஆர்வமே இருக்காது. ஒருவர் காபி வாங்கிவர நகர்வார், மற்றவர்கள் அவருக்காகக் காத்திருப்பார்கள், அதற்குள் அறை நிரம்பிவிடும். காலை பத்து மணியிலிருந்து இரவு வரை ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு அறைகளில் நிகழ்ச்சி நடக்கிற இடம் அது. கும்பலாக நகர்ந்தால் மாலையில் கால்வலிதான் மிஞ்சும். பிரிந்து போய், நேரம் குறித்துச் சந்திப்பதுதான் சரி.

பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. உலக அறிவியல் புனைவு மாநாடு 1939இல் நியூயார்க்கில் சுமார் இருநூறு பேரோடு தொடங்கியது. அப்போது அந்த ஊரில் நடந்துகொண்டிருந்த உலகக் கண்காட்சியைப் பார்த்து வைத்த பெயர்தான் 'உலக'. போர் காரணமாக 1942 முதல் 1945 வரை நடக்கவில்லை. மற்றபடி ஆண்டுதோறும் ஊர் மாறி மாறி நடக்கிறது: 2017இல் ஹெல்சின்கி, 2019இல் டப்ளின், 2023இல் செங்டு, 2024இல் கிளாஸ்கோ, 2025இல் சியாட்டில். நடத்துகிறவர்கள் சம்பளமில்லாத ரசிகர்கள். பேட்ஜ் கொடுப்பவரும் வரிசையைச் சரிசெய்பவரும் உங்களைப் போல வந்தவர்கள்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் தாமதங்கள் மேல் பாதிக் கோபம் வராது.

பழைய ஆட்கள் 'டிக்கெட்' என்ற சொல்லைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நீங்கள் வாங்குவது உறுப்பினர் உரிமை. அதில் இரண்டு பகுதி உண்டு: சிறந்த அறிவியல் புனைவு, மிகுபுனைவுப் படைப்புகளுக்கான ஹியூகோ விருதுக்கு முன்மொழியவும் வாக்களிக்கவும் உரிமை தருவது ஒன்று, நேரில் வந்து கலந்துகொள்ள அதன்மேல் கட்டுவது இன்னொன்று. மாநாடு நெருங்க நெருங்க விலை ஏறும். இளைஞர்களுக்கும் முதன்முறை வருகிறவர்களுக்கும் பல ஆண்டுகளில் சலுகை கிடைக்கிறது. ஒரே ஒரு நாள் போதும் என்றால் பல மாநாடுகளில் ஒருநாள் அனுமதி விற்பார்கள். அதில் வாக்குரிமை வராது. ஒரு நாள்தான் என்றால் நடுநாட்களில் ஒன்றை எடுங்கள். முதல் நாள் பாதி பதிவு வரிசையிலேயே போய்விடும். கடைசி நாள் மதியத்துக்குமேல் கடைக்காரர்கள் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

முழு உறுப்பினராகப் போகிறவர்கள், பதிவு மேசை முந்தின நாளே திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் அன்றே பேட்ஜை வாங்கிவிடுங்கள். தொடக்க நாள் காலை ஒன்பதரைக்கு வரும் வரிசைதான் மாநாட்டிலேயே நீளமானது. அடையாள அட்டையும் மின்னஞ்சலில் வந்த குறியீடும் கையில் இருந்தால் மேசையில் ஒரு நிமிட வேலை. குறியீட்டைத் திரைப்பிடிப்பாக எடுத்து வையுங்கள். பெரிய கான்கிரீட் மண்டபத்தின் நடுவில் சிக்னல் கிடைக்காமல் மின்னஞ்சலைத் தேடுவது பரிதாபமான காட்சி. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்களுக்கு விசாதான் முதல் வரிசை. உறுப்பினர் உறுதிக் கடிதத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் நேரம் வைத்து விண்ணப்பிக்க வேண்டும்.

நிகழ்ச்சி நிரல் சில வாரங்களுக்கு முன்பே வெளியாகும். அப்போது எல்லோரும் தங்களுக்குப் பிடித்தவற்றையெல்லாம் குறித்துக்கொள்வார்கள், இருபது முப்பது தேறும். அதில் மூன்றை மட்டும் 'தவறவே கூடாது' என்று வையுங்கள். மீதி வாய்த்தால் சரி. காரணம் கணக்குதான். ஒரு பேனல், அதாவது மேடையில் சிலர் சேர்ந்து பேசும் அமர்வு, சுமார் ஐம்பது நிமிடம் அல்லது ஒரு மணி நேரம். கூட்டம் வரும் பேனல் என்றால் இருபது நிமிடம் முன்னால் போய் நிற்க வேண்டும். முடிந்தபின் வெளியே வரவும் அடுத்த அறையைக் கண்டுபிடிக்கவும் பத்து நிமிடம். ஆக, ஒரு பேனலுக்கு ஒன்றரை மணி நேரம் கழிந்துவிடும். அடுத்தடுத்த மணிகளில் இரண்டு பெரிய பேனல் என்று திட்டமிட்டவர் இரண்டாவதற்கு வெளியேதான் நிற்பார்.

வெளியே நிற்பதற்குக் காரணம் யாருடைய கெடுபிடியும் இல்லை, தீயணைப்பு விதி. நாற்காலி எத்தனையோ அத்தனை பேர். சுவரோரம் நிற்பதற்கும் தரையில் உட்காருவதற்கும் அனுமதி கிடையாது. 2017 ஹெல்சின்கியில் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்து முதல் நாளே அறைகள் பிதுங்கின. 2019 டப்ளினில் வரிசைகள் பேசுபொருளாகவே ஆகிவிட்டன. ஒரு பேனல் முடிந்ததும் அறையை முழுக்கக் காலிசெய்துவிட்டு, அடுத்ததற்கு வரிசையிலிருந்துதான் உள்ளே விடுகிற முறையும் உண்டு. 'இங்கேயே உட்கார்ந்திருந்தால் அடுத்ததும் கிடைக்கும்' என்ற திரையரங்குத் தந்திரம் அங்கே செல்லாது. நண்பருக்கு இடம் பிடித்து வைப்பதும் அப்படித்தான்: கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிற நம்மூர்ப் பேருந்து வழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

எந்தப் பேனலைத் தேர்வது? தலைப்பைவிடப் பேசுகிறவர்களைப் பாருங்கள். பிரபல எழுத்தாளர் ஐந்து பேர் மேடையில் இருந்தால் ஆளுக்கு எட்டு நிமிடம்தான் வரும், அதில் பாதி நகைச்சுவையில் போகும். ஒரு விண்வெளிப் பொறியாளரும் ஒரு மொழியியலாளரும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் உட்கார்ந்திருக்கிற சின்ன அறையில்தான் சரக்கு இருக்கும், இடமும் கிடைக்கும். கேள்வி நேரம் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம். ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். நம்மூர்ப் புத்தக வெளியீட்டு விழாவில் மைக்கைப் பிடித்தவர் சொந்தக் கவிதை வாசித்துவிட்டு உட்காருவாரே, அந்த வகை மனிதர் உலகமெங்கும் இருக்கிறார். அங்கே நெறியாளர் தயங்காமல் வெட்டிவிடுவார்.

பலர் கவனிக்காமல் விடுவதும் நான் முதலிடம் கொடுப்பதும் மேசைப்பேச்சுதான். காஃபிகிளாட்ச் என்ற ஜெர்மன் பெயரில் நெடுநாளாக நடக்கிறது. ஒரு எழுத்தாளரோடோ பதிப்பாசிரியரோடோ பத்துப் பேருக்கு மிகாமல் ஒரு மேசையைச் சுற்றி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. முன்பதிவு கட்டாயம். பதிவு எப்போது திறக்கும், மேசையிலா இணையத்திலா என்பதை அந்தந்த மாநாட்டு அறிவிப்பில் பார்த்து, திறக்கும் நிமிடத்தில் அங்கே இருக்க வேண்டும். பிரபலமான பெயர்களுக்கு நிமிடங்களில் நிரம்பிவிடும். நாலு நண்பர்களும் ஒரே எழுத்தாளருக்கு முட்டி மோதாமல் ஆளுக்கொருவரைப் பதிந்தால், இரவுச் சாப்பாட்டில் நாலு கதை கிடைக்கும்.

எழுத்தாளர்களின் கையெழுத்துக்குக் காசு இல்லை. நடிகர்களை அழைத்து வரும் வணிக மாநாடுகளுக்கும் இதற்கும் அது பெரிய வித்தியாசம். ஆனால் ஒருமுறைக்கு இரண்டு மூன்று புத்தகம் என்ற அளவு இருக்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். பெயரை எழுதிய ஒட்டுத்தாளைப் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டால் நம் பெயர்களின் எழுத்துக்கூட்டலைச் சத்தத்துக்கு நடுவில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

கதாபாத்திரங்களைப் போல உடை போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல நிறைய இருக்கிறது. 1939இல், அந்த முதல் மாநாட்டுக்கே, ஃபாரஸ்ட் அக்கர்மேனும் மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால உடையில் வந்தார்கள். இரண்டையும் தைத்தவர் மிர்ட்டில்தான். இன்று கூடத்தில் போட்டுக்கொண்டு நடக்கும் உடை வேறு, மேடைப் போட்டியான மாஸ்கரேடுக்கான உடை வேறு. போட்டிக்கு முன்பதிவும் ஒத்திகையும் உண்டு, அனுபவத்துக்கேற்ற பிரிவுகளும் உண்டு. அந்த நாளில் வேறெதையும் திட்டமிடாதீர்கள்.

கூடத்தில் போட்டு நடக்கும் உடை பெரும்பாலும் ஈவிஏ நுரைத்தகடு: கவசத்துக்கு 10 மில்லிமீட்டர் தடிமன், நுணுக்கங்களுக்கு 5 அல்லது 2. சூட்டுப் பசைத் துப்பாக்கியால் ஒட்டியதுதான் முதலில் பிரியும். ஆகஸ்ட் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தப் பசை இளகிவிடும், தோள்பட்டை கையோடு வந்துவிடும். இருபுறமும் பூசிக் காயவிட்டு ஒட்டும் கான்டாக்ட் பசைதான் தாங்கும். ஆனால் அது தீப்பற்றும் திரவம் என்பதால் விமானத்தில் எடுத்துப் போகக் கூடாது. ஒட்டும் வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டு, பழுதுபார்க்க ஊக்கு, ஊசிநூல், இருபுற ஒட்டுநாடா, கறுப்புத் துணிநாடா எடுத்துப் போங்கள். ஊக்கு ஒரு டஜன் வையுங்கள், கேட்டு வருகிறவர்களுக்கே பாதி போய்விடும்.

தலைக்கவசம் இன்னொரு வம்பு. பத்து நிமிடத்தில் மூச்சுக்காற்றால் முன்கண்ணாடி பனிக்கும். உள்ளே 40 மில்லிமீட்டர் அளவில் 5 வோல்ட் விசிறி ஒன்று வைத்தால் தீரும். வைத்தவர்கள் பலர் அது சில நிமிடத்தில் நின்றுவிடுவதாகப் புலம்புவார்கள். விசிறியில் கோளாறு இருக்காது. இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், போன் சார்ஜ் ஆகி முடிந்துவிட்டது என்று நினைத்துப் பவர்பேங்க் தானே அணைந்துவிடும். குறைமின்னோட்ட வசதி உள்ள பவர்பேங்கை வாங்குங்கள், அல்லது அதே வயரில் ஒரு எல்இடி பட்டையையும் சேர்த்து இழுவையைக் கூட்டுங்கள். நாலு ரீசார்ஜ் ஏஏ பேட்டரியைத் தொடராக இணைத்தால் 4.8 வோல்ட் வரும், அதுவே போதும். பவர்பேங்கை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். வழக்கமான வரம்பு 100 வாட்மணி, அதாவது ஏறத்தாழ 27,000 மில்லியாம்பியர்மணி.

உடை போட்டவரோடு உடை போடாத நண்பர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீர் கொடுக்க, படிக்கட்டில் கைபிடிக்க, கழிப்பறைக்குமுன் முதுகுக் கொக்கியைக் கழற்ற, படமெடுக்கிறவர்கள் வழியை அடைக்காமல் ஓரமாக நிறுத்த. இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள். உலோகக் கத்திக்கும் நிஜம்போலத் தெரியும் துப்பாக்கிக்கும் பெரும்பாலும் அனுமதி இல்லை. விதியை மாநாட்டு ஆண்டிலேயே படித்துக்கொள்ளுங்கள், நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். யாரையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள், தொடவே தொடாதீர்கள்.

கலைக்கூடத்துக்குள் பெரும்பாலும் படமெடுக்கவே விடமாட்டார்கள். ஓவியத்தின் கீழே ஒரு தாள் தொங்கும். ஏலம் கேட்பவர் பதிவுசெய்து எண் வாங்கி, அந்த எண்ணையும் தொகையையும் அதில் எழுத வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குமேல் பேர் எழுதியிருந்தால் அது வாய்மொழி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்த படத்தைப் பொதுவாக ஏலம் முடிந்தபின், மாநாட்டின் இறுதியில்தான் எடுத்துச் செல்ல முடியும். ஒருநாள் ஆசாமிகள் ஆசைப்பட்டு எழுதிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடக் கூடாது. அச்சுப் பிரதிகள் தனியே விற்பார்கள், அதுதான் இவர்களுக்குச் சரி.

புத்தகக் கடைகளில் எடையைக் கவனியுங்கள். மெல்லட்டைப் புத்தகம் சுமார் 300 கிராம், கெட்டி அட்டை 600 முதல் 800 கிராம். மெல்லட்டை இருபதும் கெட்டி அட்டை ஐந்தும் வாங்கினால் பத்துக் கிலோவைத் தொட்டுவிடும். 23 கிலோ பெட்டியில் பாதி போயிற்று. காலையில் சுற்றிப் பார்த்து, கடை மூட ஒரு மணி நேரம் இருக்கும்போது வாங்குங்கள். காலையிலேயே வாங்கினால் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு ஒரு மணிக்குப் போகாதீர்கள். எல்லாப் பேனலும் ஒரே நேரத்தில் கலைந்து அங்கேதான் வரும். பதினொன்றரை அல்லது இரண்டேகால் நல்லது. மண்டபத்துக்குள் விலை அதிகம், சைவம் என்றால் பெரும்பாலும் உருளைக்கிழங்கும் ரொட்டியும்தான். முறுக்கு, கடலை மிட்டாய், எலுமிச்சை சாதம் ஏதாவது பையில் இருந்தால் மாலை நாலு மணி மயக்கத்தைத் தாண்டிவிடலாம். குளிரூட்டியில் நடுங்காமலிருக்க ஒரு சால்வையும் வேண்டும். பழைய ரசிகர்கள் சொல்லும் 5-2-1 கணக்கு இதுதான்: நாளைக்கு ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல். மூன்றாவதை ஏன் தனியாகச் சொல்கிறார்கள் என்பது மூன்றாம் நாள் மின்தூக்கியில் புரியும்.

சந்திப்புக்கு வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரைக்கடியில் இருக்கும்போது செய்தி அரைமணி தாமதமாக வரும். ஒரு தூணையோ படிக்கட்டையோ குறித்து, 'இரண்டேகாலுக்கும் ஆறரைக்கும் இங்கே, பத்து நிமிடம் காத்திருப்போம், வராவிட்டால் நகர்ந்துவிடுவோம்' என்று காலையிலேயே பேசிக்கொள்ளுங்கள். நுழைவாயிலைக் குறிக்காதீர்கள், எல்லோரும் அதையேதான் குறித்திருப்பார்கள்.

மாலைதான் நாலு பேரும் சேர்ந்திருக்க ஏற்ற நேரம். ஹியூகோ விழா ஏதாவது ஒரு இரவில் இருக்கும், 2024 கிளாஸ்கோவில் ஞாயிறன்று நடந்தது. வேட்பாளர்களைத் தரவரிசைப்படுத்தி வாக்களிப்பதால், கடைசி இடத்திலிருப்பவரை நீக்கி அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். 'யாருக்கும் வேண்டாம்' என்பதும் ஒரு வேட்பாளர். விழா முடிந்ததும் வரும் விரிவான புள்ளிவிவரத்தைப் படிப்பது ஒரு தனி விளையாட்டு. எனக்கு விழாவைவிட அதுதான் பிடிக்கும். விழா இல்லாத இரவில் ஃபில்க் பாடல் அறைக்குப் போங்கள். வட்டமாக உட்கார்ந்து விண்கலம் பற்றி ரசிகர்களே கட்டிய பாட்டு. தாளம் தெரியாவிட்டாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

அதே நேரத்தில் வருங்கால மாநாட்டுக்குப் போட்டியிடும் ஊர்க்காரர்களின் விருந்துகளும் நடக்கும். தின்பண்டம் இலவசம், புதியவர்களோடு பேச ஆசையாக இருப்பார்கள். இரண்டு ஆண்டு முன்னதாகவே உறுப்பினர் வாக்கில் ஊர் தேர்வாகிவிடும். அப்படித்தான் 2026 ஆகஸ்ட் 27 முதல் 31 வரை கலிஃபோர்னியாவின் அனஹைம் என்பதும், 2027க்கு மாண்ட்ரியல் என்பதும் முடிவானது. டொராண்டோத் தமிழர்களுக்கு மாண்ட்ரியல் ரயிலில் ஐந்து மணி நேரச் சொச்சம், விசாவும் வேண்டாம். உறுப்பினர் விலை இன்னொரு படி ஏறுவதற்குள் நாலு பேரையும் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.